தோப்காப்பியின் கடிகாரங்களும் முத்துகளும்

இஸ்தான்பூல் நகரைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், தோப்காப்பி அரண்மனையின் கடிகாரப் பகுதியில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உஸ்மானிய சுல்தான்களின் உறைவிடமாக விளங்கி, 1924ஆம் ஆண்டில் அருங்காட்சியகமான மாளிகை இது.

துருக்கியக் கைவினைஞர் செய்த கடிகாரங்களும், ஐரோப்பாவில் உஸ்மானியரின் சுவைக்கேற்பச் செய்யப்பட்ட கடிகாரங்களும் இங்குள்ளன. அந்நாளைய துருக்கியில் சூரியன் மறையும் பொழுதே பன்னிரண்டு மணி. ஆகவே நாள்தோறும் மஃரிப் வேளையில் கடிகாரத்தைத் திருத்தி வைப்பர். 1926இல்தான் இம்முறை சட்டப்படி மாறியது.

18, 19ஆம் நூற்றாண்டுகளின் அலங்காரக் கடிகாரங்களில் பொன்னோடும் எனாமலோடும் முத்தும் சேர்வதுண்டு. சிறு முத்தை இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் உட்புறம் அமைய, முகப்பைச் சுற்றிய வளையத்தில் நெருக்கமாகப் பதிப்பர். அக்காலத்தில் முத்தென்றால் பெரும்பாலும் கடலில் மூழ்கி எடுத்ததே. பாரசீக வளைகுடாவும் நம் மன்னார் வளைகுடாவும் உலகறிந்த சலாபத் துறைகள். காயல்பட்டினம், கீழக்கரை மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இக்கடிகாரங்களைச் செப்பனிடுவோர்க்கு ஓர் இக்கட்டு உண்டு. பித்தளைச் சக்கரங்களின் அழுக்கை நீக்க அமோனியா கலந்த கரைசலைப் பயன்படுத்துவது வழக்கம். அது முத்தின் மேனியைக் கெடுத்துவிடும். முத்தோ கல்லன்று, சிப்பியின் உடலில் சுண்ணச் சத்தும் உயிர்ப்பொருளும் சிறிது நீரும் சேர்ந்து உருவானது. புளிப்புப் பட்டால் கரையும். மிகையாக உலர்ந்தால் வெடிக்கும். நீரில் அமிழ்த்தினால் அடியிலுள்ள பசை நெகிழ்ந்து முத்து உதிரும். ஆதலால் இயந்திரத்தைத் தனியே கழற்றி எடுத்த பின்னரே அதனைக் கழுவுவர். முத்துகளை ஒவ்வொன்றாக, சிறிதே ஈரமான மென்தூரிகையால் துடைத்து உடனே உலர்த்துவர்.

உதிர்ந்த இடத்தை என்செய்வது? புது முத்தைப் பதித்து மறைத்துவிடலாம். ஆனால் வளர்ப்பு முத்து பரவலாகச் சந்தைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். பழங்கடிகாரத்தில் அது காணப்படின், பின்னாளில் கை பட்டிருக்கிறது என்பதை எக்ஸ்ரே படம் காட்டிக் கொடுத்துவிடும். எனவே நேர்மையான வல்லுநர், எஞ்சிய முத்துகள் உதிராமல் காப்பதையே முதற்கடனாகக் கொள்வர். புதிதாக ஒன்றைச் சேர்க்க நேரின், எது பழையது, எது புதியது என எழுதி வைப்பர். பழமையை அழகுபடுத்துவதாக எண்ணி அதன் வரலாற்றை அழித்துவிடலாகாது அல்லவா?

உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் பாட்டியாரின் முத்துச்சரம் இருக்கக்கூடும். எலுமிச்சைச் சாறும் சோடாத்தூளும் அதற்கு வேண்டாம். அத்தர் பூசி முடித்த பின்னரே அணியுங்கள். கழற்றியதும் மென்துணியால் துடையுங்கள். நகைகளோடு உரசாமல் தனித் துணியில் சுற்றி வையுங்கள். நூல் நைந்திருந்தால், முத்துக்கு முத்து முடிச்சிட்டுக் கோக்கச் சொல்லுங்கள். அறுந்தாலும் ஒன்றே விழும். முன்னோர் விட்டுச் சென்றது நம் கையில் அமானிதம். அதனைக் குறையின்றிப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது நம் பொறுப்பு.