ஈரத் தரைக்கு யார் பொறுப்பு?

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததைச் சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். முள், கல், கண்ணாடித் துண்டு என்றுதான் மத்ரஸாவில் எங்களுக்கு எடுத்துக்காட்டுச் சொன்னார்கள். பினாங்கில் என் மாமா நடத்தும் உணவகத்தின் கணக்குகளைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு, கடையின் தரையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துப் பார்க்கப் பழகினேன்.

அங்குள்ள நம்மவர் உணவகங்களை அறிந்தவர்களுக்கு அந்தத் தரையின் நிலை தெரியும். இரவும் பகலும் திறந்திருக்கும் கடை. நாசி கண்டார் குழம்பு ஊற்றும் இடத்தில் எண்ணெய்ச் சிந்தல், தே தாரிக் ஆற்றும் இடத்தில் பால் தெறிப்பு, கைகழுவும் தொட்டியருகே ஓயாத ஈரம், மழை வந்தால் குடைகளிலிருந்து சொட்டும் நீர். வேலை மும்முரத்தில் இவை எவர் கண்ணிலும் படுவதில்லை.

நம் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இதைக் காணத் தவறவில்லை. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில், குப்பையையோ தர்பூசணித் தோலையோ பாதையில் எறிந்து, அதனால் சேதம் விளைந்தால், அதற்கு ஈடு செய்யும் பொறுப்பு உண்டு என்னும் சட்டம் இடம்பெற்றுள்ளது. வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் பாதிக்கப்பட்டவரின் உரிமை அழிந்துவிடாது. அதே சமயம், தவறுதலாக நேரும் உயிரிழப்புக்கான தியத்தைத் தனியொருவர் தலையில் சுமத்தாமல், 'ஆகிலா' எனப்படும் தந்தைவழி உறவினர் பகிர்ந்து ஏற்கும் ஏற்பாட்டையும் ஃபிக்ஹு வகுத்திருக்கிறது. பொறுப்பும் வேண்டும், அதன் சுமையில் ஒருவர் நொறுங்கிப் போகவும் கூடாது. இதுவே அதன் நோக்கம்.

கடைத் தரை பொதுத் தெரு அன்று. ஆயினும் வாருங்கள் என்று நாமே மக்களை அழைத்த இடம். மலேசியச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் குடிசார் சட்டத்தின் வழியே ஏற்ற ஆங்கிலேயப் பொதுச்சட்ட நெறிப்படி, வாடிக்கையாளரின் பாதுகாப்பில் நியாயமான கவனம் செலுத்தும் கடமையைக் கடைக்காரர்மீது வைக்கிறது. அக்கடமை தவறி ஒருவர் விழுந்தால் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வேதனைக்கான ஈடு, வழக்குச் செலவு என எல்லாம் வந்து சேரும். அவற்றை ஏற்பதற்கே பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறது. வணிகக் காப்பீட்டில் நிச்சயமின்மையும் வட்டியும் கலப்பதைக் காரணம் காட்டி மார்க்க அறிஞர் பலர் மறுத்தனர். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி அதைத் தடுத்து, கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாகக் காட்டியது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1984இல், மலேசியா தகாஃபுல் சட்டத்தை இயற்றியிருந்தது. பங்கேற்போர் நன்கொடையாகச் செலுத்தும் பொது நிதியிலிருந்து இடருற்றவருக்கு உதவுவதே தகாஃபுல். மாமாவும் இம்முறையில்தான் பொதுப் பொறுப்புக் காப்பு எடுத்திருந்தார்.

ஒரு நாள் காலை, நாள்தோறும் ரொட்டி சானாய் வாங்க வரும் சீன மூதாட்டி ஒருவர், அப்போதுதான் துடைத்திருந்த தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். ஈரத்தை எச்சரிக்கும் மஞ்சள் பலகை கடையில் இருந்தது. ஆனால் கிடங்கில் இருந்தது.

மாமாவே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். அன்று மாலை நலம் விரும்பிகள் வந்தனர். பலகை அவ்விடத்தில் இருந்ததாக எழுதிவிடலாம், பணியாளர் சாட்சி சொல்வார், கிழவியின் கவனக்குறைவு என்று ஆகிவிடும் என்றார் ஒருவர். முகவரோ, எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், மருத்துவமனைப் பக்கமே போகாதீர்கள் என்றார்.

நானும் மாமாவும் ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படித்தோம். நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்வதையும் பணம் தருவதாக வாக்களிப்பதையும் மட்டுமே அது தடுத்தது. நோயாளியை நலம் விசாரிப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. நடந்ததை நிறுவனத்திடம் உடனே, உண்மையாக அறிவிக்க வேண்டும் என்றும் அதிலேயே இருந்தது. நமக்கே பாதகமானாலும் அல்லாஹ்வுக்காக நீதியுடன் சாட்சி பகர வேண்டும் என்று சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம் கட்டளையிடுவதை மாமா நினைவூட்டினார். பலகை கிடங்கில் இருந்தது என்றே படிவத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

மாமா நாள்தோறும் கஞ்சியுடன் மருத்துவமனைக்குச் சென்றார். தொகையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. சில மாதப் பேச்சுவார்த்தைக்குப் பின் நிறுவனம் ஈடு வழங்கியது. ஒப்பந்தப்படி நாங்கள் ஏற்க வேண்டிய முதல் பகுதியை மாமா செலுத்தினார். ஆயினும் அந்த மூதாட்டியால் இன்றும் கைத்தடியின்றி நடக்க இயலவில்லை. காப்பீடு பணச் சுமையைப் பகிரும். முறிந்த எலும்புக்கான கேள்வியை மறுமையில் நம் சார்பில் ஏற்காது.

வணிகம் செய்யும் சகோதரர்கள் சிலவற்றைக் கவனிப்பது நன்று. உங்கள் காப்பில் ஒரு விபத்துக்கான உச்ச வரம்பு எவ்வளவு, முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்று பாருங்கள். பணியாளர் விழுந்தால் பொதுப் பொறுப்புக் காப்பு பொதுவாக உதவாது. அவர்களைப் பெர்கேசோவில் முறையாகப் பதிவு செய்வது தனிக் கடமை. மலேசியாவில் 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் அதில் அடங்குவர். தரையைத் துடைப்பவர் கையெட்டும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை இருக்கட்டும். எண்ணெய் சிந்திய நொடியே துடைக்கும் பழக்கம் எல்லாக் காப்பீட்டையும்விட மலிவானது.

நம் வாசலை நம்பி வருவோர் எந்த மதத்தினராயினும் அவர்களின் உடல் நம்மிடம் அமானத். அந்த அமானத்தைப் பேணுவோராக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.