பருத்தித்துறை வீதியும் பந்தயச் சைக்கிளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. வற்றாத ஆறும் இல்லை. சுண்ணாம்புக் கல்லின்மேல் விரித்த பாய் போலக் கிடக்கும் இந்நிலத்திலே துவிச்சக்கர வண்டியைப் போல் மக்களுக்கு உற்ற துணையாய் அமைந்த ஊர்தி வேறொன்றில்லை எனலாம். எரிபொருள் வடக்கே வரவொட்டாது தடுக்கப்பட்டிருந்த 1990களில் நெல் மூடையும் விறகும் நோயாளியும் இவ்வண்டியிலேயே ஊர்விட்டு ஊர் சென்றதைப் பெரியோர் மறந்திரார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசல் துறந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பலர் தம் உடைமைகளை ஏற்றி உருட்டிச் சென்றதும் இதனையே. 2022இல் எரிபொருளுக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்களில், மூலையிற் சாத்தியிருந்த வண்டிகள் மீண்டும் துடைக்கப்பட்டு எண்ணெய் இடப்பெற்றன.

முன்னோர் ஓட்டியது 28 அங்குலச் சில்லும், 22 அல்லது 24 அங்குலப் பிறேமும் கொண்ட கனத்த உருக்கு வண்டி. இன்றைய இளைஞர் விரும்புவதோ வளைந்த ஹாண்டிலும் மெல்லிய ரயரும் பல கியர்களும் உடைய வீதிப் பந்தயச் சைக்கிள். விருப்பம் நல்லதே. ஆனால் அதனை வாங்கப் புகும்போது நிறம் எது, பெயர் எது, விலை எவ்வளவு என்று வினவுவோர் பலர். இவ்வண்டி என் உடலுக்குப் பொருந்துமா, நான் போகும் வீதிக்குப் பொருந்துமா என்று வினவுவோர் சிலரே. இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறவல்ல ஆசான் வீதியே ஆகும். ஆகவே, வாசகரையும் உடனழைத்துக்கொண்டு நல்லூரிலிருந்து பருத்தித்துறைக்கு ஒருமுறை போய்வரக் கருதுகின்றேன்.

புறப்படுமுன் ஓர் அளவு

வண்டியில் ஏறுமுன் உடலை அளத்தல் வேண்டும். வெறுங்காலுடன் சுவரோடு ஒட்டி நின்று, பாதங்களைச் சிறிது அகற்றி, தடித்த புத்தகமொன்றை முதுகுப்பக்கம் மேலாக இருக்குமாறு கால்களுக்கிடையே வைத்து, சீற்றில் அமரும்போது அழுந்துமளவுக்கு மேல்நோக்கி அழுத்துக. நிலத்திலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரையுள்ள உயரமே உட்கால் அளவு. இதனை 0.65ஆற் பெருக்கின், மிதியச்சின் நடுவிலிருந்து மேற்பாரின் நடு வரை சீற் குழாய் எவ்வளவு நீளம் இருத்தல் வேண்டுமென்பது ஒருவாறு புலப்படும். உட்கால் 80 சென்ரிமீற்றர் உடையவருக்கு 52 சென்ரிமீற்றர்ப் பிறேம் ஏற்றது. அதே அளவை 0.883ஆற் பெருக்கினால், மிதியச்சிலிருந்து சீற்றின் மேற்புறம் வரை வேண்டிய உயரம் கிடைக்கும். இவருக்கு அது 70.6 சென்ரிமீற்றர்.

இங்கே ஒன்றை மனங்கொள்ளுதல் வேண்டும். வகுப்பிலே அருகருகே நிற்கும் மாணவர் இருவர் ஒரே உயரத்தினராய் இருக்கலாம். ஆயினும் ஒருவருடைய உட்கால் 76, மற்றவருடையது 82 சென்ரிமீற்றராய் இருத்தலும் கூடும். முன்னவருக்கு 49, பின்னவருக்கு 53 சென்ரிமீற்றர்ப் பிறேம் வேண்டற்பாலது. ஆதலின் ஆளின் உயரத்தை மட்டும் கேட்டு வண்டி எடுத்துக் கொடுப்பது, தலையைப் பார்த்துச் சப்பாத்து வாங்குவது போன்றதே.

மேற்பார் நிலத்துக்குச் சமாந்தரமாய் இருந்த பழைய பிறேம்களுக்கு இக்கணக்குச் செவ்வனே பொருந்தும். 1990களின் இறுதியிலிருந்து மேற்பார் பின்னோக்கிச் சரியும் பிறேம்கள் பரவலாயின. அவற்றிற் சீற் குழாய் குறுகியிருத்தலால் அதன் நீளம் நம்மை ஏமாற்றிவிடும். அத்தகைய வண்டியில், ஹாண்டில் குழாயின் தலையிலிருந்து சீற்றைத் தாங்கும் தண்டு வரை கிடையாக ஒரு நூல் பிடித்து அந்நீளத்தையே ஒப்பிடுக. எவ்வகைப் பிறேமாயினும், பாரின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது உடலுக்கும் பாருக்குமிடையே இரண்டு விரலளவேனும் இடைவெளி இருத்தல் வேண்டும்.

கோப்பாய் கடந்து நீர்வேலி

கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. செம்மண் தோட்டங்களும், நீர்வேலியின் பேர்பெற்ற வாழைகளும் கண்ணுக்கு விருந்தாகும். புறப்பட்டு அரை மணி நேரம் கழிந்த இந்த இடத்திலேதான் உடல் தன் முதல் முறைப்பாட்டைத் தெரிவிக்கும்.

முழங்காலின் முன்புறம் நோகுமாயின் பெரும்பாலும் சீற் தாழ்ந்துள்ளது; பின்புறம் இழுத்து நோகுமாயின், அல்லது இடுப்பு இருபுறமும் ஆடுமாயின், சீற் உயர்ந்துள்ளது. மிதி கீழே நிற்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தாற் கால் நேராதல் வேண்டும். முன்பாதத்தை வைத்தால் முழங்கால் சற்றே மடிதல் வேண்டும். இது பழைய திருத்துநர் கையாண்ட சோதனை, இன்றும் பிழைபடாதது.

மிதித்தண்டின் நீளமும் ஈண்டு கவனிக்கத்தக்கது. 165, 170, 172.5, 175 மில்லிமீற்றர் என அவை கிடைக்கின்றன. குறுகிய காலுடையவர் நீண்ட தண்டைச் சுழற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடிகின்றது. சிற்றுருவினருக்கு 165 போதுமானது.

வல்லை வெளியின் காற்று

புத்தூரும் ஆவரங்காலும் பின்னே சென்றுவிட்டன. மரமும் மதிலும் மறைந்து, இருமருங்கும் வெட்டவெளி விரிகின்றது. தொண்டைமானாற்று நீரேரியின் மேலே வல்லைப் பாலம். சோளகம் வீசும் மாதங்களிலே பருத்தித்துறை நோக்கிச் செல்பவரைக் காற்றே தள்ளிக்கொண்டு போகும்; திரும்பி வரும்போதுதான் அது தன் கடனை வட்டியோடு அறவிடும்.

உடலின்மீது வந்து மோதும் காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும் என்பது பௌதிகம் பயிலும் மாணவர் அறிந்ததே. மலையில்லாத நாட்டுக்கு இந்தக் காற்றே மலை. வளைந்த ஹாண்டிலின் பயன் இங்கே விளங்கும். கீழ்வளைவைப் பற்றி முதுகைத் தாழ்த்துவோரைக் காற்று குறைவாகவே தடுக்கின்றது. ஆனால் பிறேம் நீளமாயிருப்பின் கைகள் விறைத்து, கழுத்தும் தோளும் நோக, ஓட்டுபவர் கீழ்வளைவைத் தொடவே மாட்டார். குறுகியிருப்பின் முழங்கால் மார்பை நெருங்கி மூச்சு முட்டும். ஹாண்டிலைத் தாங்கும் கழுத்துத் துண்டை மாற்றி ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் கூட்டவோ குறைக்கவோ இயலும். அதற்கு மேற்பட்ட குறையைப் பிறேமை மாற்றியே தீர்த்தல் வேண்டும். ஹாண்டிலின் அகலம் தோளின் அகலத்துக்கு ஒத்திருப்பது நன்று.

கியர் என்பது மலைக்கு மட்டும் உரியதென்று கருதுவோரும் இவ்வெளியிலே அதன் அருமையை உணர்வர். முன்னே 50 பல்லும் பின்னே 17 பல்லும் கொண்ட கியரில், மிதி ஒருமுறை சுழலும்போது வண்டி ஏறக்குறைய ஆறு மீற்றர் முன்செல்லும். எதிர்க்காற்றில் அதனையே பிடிவாதமாய் மிதிப்போர் முழங்காலை வருத்துவர். பின்னே 21 அல்லது 23 பல்லுக்கு மாறி, சிறுகச் சிறுக விரைந்து மிதிப்பதே விவேகம். பிரான்சு நாட்டைச் சுற்றி நிகழும் பெரும் பந்தயத்திலேகூடச் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பொறி 1937இலேதான் எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்டது.

கடற்கரையும் ஒழுங்கையும்

நெல்லியடி, மந்திகை தாண்டிப் பருத்தித்துறையை அடைந்து, கலங்கரை விளக்கத்தின் அருகே வண்டியைச் சாத்திவிட்டு, அவ்வூர்த் தட்டை வடையைக் கடித்தவாறு ரயரைச் சற்று நோக்குக. பிரதான வீதி செப்பமானது. ஆயினும் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை கல்லும் மணலுமாய் இருக்கும். 23 மில்லிமீற்றர் ரயர் இதற்கு ஏற்றதன்று. 28 அல்லது 32 மில்லிமீற்றர் ரயரில் சற்றுக் குறைந்த காற்றழுத்தத்துடன் செல்லலாம்; அதிர்ச்சி குறையும், ஒட்டுப் போடும் வேலையும் குறையும். ஆனால் ரயரை மட்டும் வாங்கிப் பயனில்லை. பிறேமின் கவைகளுக்கும் பிறேக்குக்கும் இடையே அதற்கு இடமுண்டா என்று முன்னரே பார்த்தல் வேண்டும்.

உவர்க்காற்று உருக்கையும் செயினையும் அரிக்கும். பண்ணைப் பாலம் வழியாகத் தீவுப்பகுதிக்கு ஓட்டுவோருக்கு இது நன்கு தெரியும். வீடு திரும்பியதும் நன்னீராற் கழுவித் துடைத்து எண்ணெய் இடுதல் எந்த விலையுயர்ந்த உதிரிப்பாகத்திலும் மேலான பாதுகாப்பு.

மலைநாட்டு வீதி சொல்வது வேறு

இதுவரை கூறியது சமவெளிக்கு. இதே வண்டியைப் புகைவண்டியில் ஏற்றி மலைநாடு கொண்டுசென்றால் பாடம் மாறிவிடும். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா செல்லும் வீதி ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் ஏறக்குறைய 1,400 மீற்றர் உயர்கின்றது. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கே முன்னே 34 பல்லும் பின்னே 32 பல்லும் வேண்டும். மிதி ஒருமுறை சுழல வண்டி இரண்டேகால் மீற்றர்தான் நகரும், ஆனால் நின்றுவிடாது நகரும். இறங்கும்போது பிறேக்கே உயிர். மழையும் மூடுபனியும் சூழ்ந்த கொண்டையூசி வளைவுகளில், றிம்மைப் பற்றும் பிறேக்கைவிட வட்டத்தகட்டுப் பிறேக் நம்பத்தக்கது. சமவெளியில் மட்டும் ஓட்டுபவர் இவற்றுக்காகப் பெரும்பணம் செலவிடத் தேவையில்லை.

எனவே, வீதி மாறினால் கியரும் ரயரும் பிறேக்கும் மாறும். அவற்றைப் பின்னரும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற இயலாதது பிறேம் ஒன்றே. கையிலுள்ள பணத்தில் முதற் கவனம் அளவான பிறேமுக்கு, பின்னரே ஏனையவற்றுக்கு.

பெற்றோருக்கு ஒரு சொல்

"வளருகிற பிள்ளைதானே, பெரிதாய் வாங்கினால் நெடுநாள் உதவும்" என்பது நம் வீடுகளில் வழங்கும் பேச்சு. சட்டைக்கு இது பொருந்தலாம், சைக்கிளுக்குப் பொருந்தாது. பெரிய பிறேமில் அமர்ந்த பிள்ளைக்கு அவசரத்திற் கால் நிலத்தில் ஊன்றாது. விரல் பிறேக்கை எட்டாது. வீதியில் இதன் விளைவு யாதென்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டு அளவுகளுக்கிடையே ஐயம் எழுந்தாற் சிறியதையே கொள்க; சீற்றை உயர்த்த இடமுண்டு, பெரிய பிறேமைத் தாழ்த்த வழியில்லை.

வெளிநாட்டிலிருந்து மாமன் அன்போடு கொண்டுவந்த வண்டியாயினும் அளந்து பார்த்தே பிள்ளையிடம் கொடுங்கள். அது மாமனுடைய காலுக்கு அமைந்ததாகவும் இருக்கலாம். பெண்பிள்ளைகளுக்கும் இதே கணக்கே உரியது. 44 முதல் 48 சென்ரிமீற்றர் வரையுள்ள சிறிய பிறேம்களும், ஒடுங்கிய ஹாண்டில்களும் உள்ளன. ஓட்ட மனமிருப்பவருக்கு அளவு கிடைக்கும்.

பொருந்தாத வண்டி சில வாரங்களிலே திண்ணையிற் சாத்தப்படும். பிள்ளையும் சைக்கிள் தனக்கு ஒத்துவராதென்று முடிவுகட்டிவிடும். பொருந்திய வண்டியோ அப்பிள்ளையைப் பள்ளிக்கும், நூலகத்துக்கும், ஒருநாள் வல்லை வெளிக்கு அப்பாலும் கொண்டுசெல்லும். அதற்கு முதலில் வேண்டுவது ஒரு புத்தகமும், ஒரு சுவரும், ஓர் அளவுநாடாவுமே.