பதினஞ்சாயிரம்தாண்ணே!

விருத்தாசலத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் கல்யாண வீடானாலும் சரி, டீக்கடையானாலும் சரி, கையில் கொடுத்த கப்பைக் கவிழ்த்து அடியில் பார்ப்பார்கள். எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்தாக வேண்டும். (உள்ளே டீ இருக்கும்போதே கவிழ்த்துப் பார்த்தவர்களும் உண்டு.)

ஊர் அப்படி. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது பீங்கானுக்கு ஏற்ற களிமண்ணும் சேர்ந்து வருகிறது. அப்புறம் என்ன? பீங்கான் தொழிற்பேட்டை, அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க அரசுப் பயிலகம், ஃப்யூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, பொம்மை, அகல் விளக்கு... பழமலைநாதருக்கு அடுத்தபடியாக ஊரைக் காப்பாற்றுவது களிமண்தான்.

நான் பீங்கான் செய்கிறவன் இல்லை. கடலூரில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். பேரேட்டில் ஐம்பது பைசா உதைத்தால் தூக்கம் வராத ரகம். என் சித்தி மகன்தான் செய்கிறவன். சின்னதாக ஒரு ஷெட், ரெண்டு ஆள், அவன், அவன் சம்சாரம். பொம்மையும் விளக்கும் வார்த்து, இன்னொருவர் சூளையில் கூலி கொடுத்துச் சுட்டு விற்கிறான். கை வேலை சுத்தம். கணக்கு மட்டும் காலண்டர் அட்டைக்குப் பின்னால்.

அவனுக்குத் திடீரென்று விளம்பர ஆசை வந்துவிட்டது.

"அண்ணே, பாலக்கரையில ஒரு ஹோர்டிங் காலியா இருக்கு. மாசம் பதினஞ்சாயிரம்தாண்ணே! கார்த்திகை தீபத்துக்கு எடுத்துட்டா நம்ம பேர் ஊரெல்லாம் தெரிஞ்சுரும்."

"பணத்துக்கு?"

"அதான்... அவ செயின் இருக்குல்ல."

உள்ளே சமையல்கட்டில் ஒரு பாத்திரம், வைக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது. பீங்கானாக இருந்தால் உடைந்திருக்கும்.

பேப்பரும் பேனாவும் கொண்டுவரச் சொன்னேன். "வேண்டாம்" என்று சொன்னால் தம்பிகள் கேட்பதில்லை. கூட்டிக் காட்டினால் சில சமயம் கேட்கிறார்கள். நம்மில் பலருக்கும் மச்சானோ நண்பனோ கடை வைத்திருப்பார்கள். "ஒரு போர்டு வெச்சா என்ன?" என்று கட்டாயம் ஒருநாள் கேட்பார்கள். அதனால் அன்றைக்குப் போட்ட கணக்கை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வாடகை ஊருக்கு ஊர், மூலைக்கு மூலை மாறும். கூட்டும் முறை மட்டும் மாறாது.

முதலில், மாதம் பதினைந்தாயிரம் என்பது விலையே அல்ல. ஆட்டோ மீட்டரின் முதல் எண் மாதிரி அது. ஏஜென்ட் ஒரு மாதத்துக்குக் கொடுக்க மாட்டாராம். குறைந்தது மூன்று மாதம். ஆக 45,000. போர்டு 20 அடி அகலம், 10 அடி உயரம். அதாவது 200 சதுர அடி. ஃப்ளெக்ஸ் பிரிண்ட் சதுர அடி 12 ரூபாய் வீதம் 2,400. மேலே ஏறிக் கட்ட 1,600. டிசைன் போட 1,000. கூட்டினால் சரியாக 50,000. அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், 9,000. மொத்தம் 59,000.

"ஜி.எஸ்.டி.தான் திரும்ப வந்துரும்னு சொல்றாங்களே?"

வரும், யாருக்கு? ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்து, வழக்கமான முறையில் வரி கட்டுகிறவர் தான் கட்ட வேண்டிய வரியில் இதைக் கழித்துக்கொள்ளலாம். பதிவே இல்லாத சின்ன வியாபாரிக்கும், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் அந்தக் கழிவு கிடையாது. இவனுக்கு ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை. ஒன்பதாயிரமும் சொந்தச் செலவு.

இன்னும் முடியவில்லை. கார்த்திகை தீபம் எப்போது வருகிறது? நவம்பர், டிசம்பரில். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நாங்கள் மறக்கவில்லை. மரத்துக்கே அந்தக் கதி என்றால் ஃப்ளெக்ஸ் துணிக்கு? ஒருமுறை கிழிந்தால் மறுபடி பிரிண்ட், மறுபடி கட்டுக்கூலி, அதற்கு வரி. அதற்காக 5,000 ஒதுக்கினேன். மொத்தம் 64,000. செயினை வைத்து வாங்கும் பணத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 640 தனி. ராத்திரியில் போர்டுக்கு லைட் உண்டா, கரண்ட் பில் யாருடையது என்று கேட்டோம். ஏஜென்ட் தலையைச் சொறிந்தார். அதை ஒரு கேள்விக்குறியோடு பக்கத்தில் எழுதி வைத்தேன்.

"அறுபத்து நாலா!" என்றான் தம்பி. 'பதினஞ்சு' என்று ஆரம்பித்தது, காபி ஆறுவதற்குள் நாலு மடங்கைத் தாண்டிவிட்டது.

ஆனால் முக்கியமான கணக்கு இதற்குப் பிறகுதான் வருகிறது. விளம்பரச் செலவை ரூபாயில் எண்ணக் கூடாது, சரக்கில் எண்ண வேண்டும்.

"ஒரு பொம்மையில உனக்கு என்னடா நிக்கும்?"

"எல்லாம் போக இருபது ரூபாய்."

அப்படியானால் 64,000 ரூபாயை எடுக்க, இப்போது விற்பதற்கு மேல் 3,200 பொம்மை விற்க வேண்டும். தொண்ணூறு நாளில் என்றால் தினம் 36. அகல் விளக்கில் ஒன்றுக்கு ஒரு ரூபாய்தான் நிற்கிறதாம். அதில் எடுக்க வேண்டுமென்றால் 64,000 விளக்கு. இவ்வளவும் விற்றால்தான் போட்ட காசு வரும். லாபம் 3,201-வது பொம்மையிலிருந்து ஆரம்பம்.

"சரி, ஒரு நாளைக்கு நீ எத்தனை பொம்மை போடுவே?"

"மழை இல்லேன்னா இருபத்தஞ்சு."

சமையல்கட்டிலிருந்து முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். போர்டு தோற்றால் செயின் போச்சு. போர்டு ஜெயித்தாலோ, வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை! ஈரக்காலத்தில் பொம்மை காயாது, சூளையில் இடம் கிடைக்காது. 'ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க' என்று சொல்வதற்கா அறுபத்து நாலாயிரம்?

தம்பி லேசில் விடுகிறவன் இல்லை. "ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிறாங்கன்னு ஏஜென்ட் சொல்றாரே?" என்றான். போய்ப் பார்த்துவிடுவோம் என்று சாயங்காலம் பாலக்கரைக்குக் கிளம்பினோம். நான் கையில் நோட்டோடு நிற்பதைப் பார்த்து, ஏதோ சர்வே என்று நினைத்து ரெண்டு பேர், "ஸார், ரோடு அகலப்படுத்தறாங்களா?" என்று கவலையாக விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நின்று பார்த்தால் பல விஷயம் புரிகிறது. போர்டுக்கு ஒரு பக்கம்தான் முகம். போகிற வண்டிகளில் பாதி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. மீதிப் பாதியில் பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னல் பக்கம் பார்க்கிறார்கள், அல்லது மடியில் இருக்கும் செல்போனைப் பார்க்கிறார்கள். நடுவே ஒரு வேப்பமரக் கிளை வேறு. மரம் மழைக்காலத்தில் இன்னும் தழைக்கும்.

பார்க்கிறவர்களுக்கும் எவ்வளவு நேரம் கிடைக்கிறது? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. போர்டு 60 மீட்டரிலிருந்து தெளிவாகத் தெரிகிறது என்று வையுங்கள். அஞ்சு செகண்டு சொச்சம், அவ்வளவுதான். ஆறேழு வார்த்தைக்கு மேல் ஏறாது. 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் இருந்தால்தான் எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது போர்டு எழுதுகிறவர்கள் கணக்கு. 60 மீட்டர் சுமார் 200 அடி. அப்படியென்றால் எழுத்து 20 அங்குல உயரம். 10 அடி உயரப் போர்டில் இடைவெளி விட்டால் நாலு வரி, வரிக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்து. தீர்ந்தது.

தம்பி எழுதி வைத்திருந்த வாசகத்தை வாங்கிப் பார்த்தேன். கடைப் பெயர், குலதெய்வம் துணை, பதினான்கு வகைச் சரக்கு, 'மொத்தமாகவும் சில்லறையாகவும்', மூன்று போன் நம்பர், வழி, ஓரத்தில் தம்பியின் கோட் சூட் போட்ட போட்டோ. இதை முழுக்கப் படிக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் தினம் ஒரு பஸ் பஞ்சராக வேண்டும்.

சிரிப்பை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். கொட்டேஷனில் ஒரு வரி எப்போதும் இருக்காது. போர்டுக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் இருக்கிறதா, சட்டம் பலமானதா என்பதுதான் அந்த வரி. 2019 செப்டம்பர் 12-ம் தேதி சென்னை பள்ளிக்கரணையில், ஒரு கல்யாணத்துக்காக வைத்த பேனர், ஸ்கூட்டரில் வந்த சுபஸ்ரீ மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வயது 23. 2023 ஜூன் 1-ம் தேதி கோவை கருமத்தம்பட்டி அருகே, விளம்பரப் பலகை அமைக்கும்போது இரும்புச் சட்டம் சரிந்து 3 தொழிலாளிகள் இறந்தார்கள். 2024 மே 13-ம் தேதி மும்பை காட்கோபரில் விழுந்த போர்டு சுமார் 120-க்கு 120 அடி. அங்கே மாநகராட்சி அனுமதிக்கும் அதிகபட்சமே 40-க்கு 40 அடிதான். பலி 17 பேர். "லைசென்ஸ் காப்பி கொடுங்க" என்று கேட்பது அவநம்பிக்கை ஆகாது. மேலே நம் பெயர் இருக்கிறது, கீழே யாரோ பெற்ற பிள்ளை போகிறது. ஏஜென்ட் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னால், காப்பி கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எங்கள் ஏஜென்ட் அதைத்தான் சொன்னார். காப்பி வரவே இல்லை.

அப்படியானால் ஹோர்டிங்கே தண்டமா? யார் சொன்னது! ஜவுளிக்கடை வைக்கட்டும். ரோட்டில் போகிற எல்லோருக்கும் வேட்டி, சேலை தேவை. நகைக்கடை வைக்கட்டும். ஒரு வளையல் விற்றாலே ஒரு நாள் வாடகையாவது வரும். ஜூன் மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூடம் வைக்கட்டும். பார்க்கிறவர்களில் நிறையப் பேர் வாங்கக்கூடியவர்கள், அல்லது ஒரு வியாபாரத்தில் நிற்கிற பணம் அதிகம் – இரண்டில் ஒன்று இருந்தால் போர்டு லாபம். தம்பிக்கு இரண்டும் இல்லை. அவன் சரக்கை வாங்குகிறவர்கள் பாலக்கரையில் போகிறவர்கள் அல்ல. திருவண்ணாமலையிலும் சிதம்பரத்திலும் கடை வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள். அவர்கள் கார்த்திகைச் சரக்குக்கு ஆவணியிலேயே ஆர்டர் கொடுத்துவிடுகிறார்களாம். கார்த்திகையில் போர்டு வைத்து யாரைக் கூப்பிடுவது?

"அப்ப நான் என்னதாண்ணே பண்றது?"

இதற்குப் பதில் சொன்னது நான் இல்லை. சமையல்கட்டு. "மாமா, இவரு செஞ்ச விளக்கைப் பத்துப் பத்தா அட்டைப் பெட்டியில போட்டு, அந்த வியாபாரிங்களுக்கே நேரா கொண்டுபோய்க் காட்டினா என்ன?" என்றாள்.

காட்டினான். ஆவணிக்கு முன்னால், இருபது பெட்டி, பஸ் சார்ஜ், பெட்டிக்குள் விலைப்பட்டியலும் போன் நம்பரும். தொழிற்பேட்டைக்குத் திரும்புகிற சந்தில், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர் சுவரில் ஒரு அம்புக்குறியும் கடைப் பெயரும். எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம். இருபதில் மூன்று பேர் ஆர்டர் கொடுத்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் மூவரும் அடுத்த வருஷமும் கேட்டார்கள்.

செயின் அவள் கழுத்திலேயே இருக்கிறது. பாலக்கரை போர்டை அந்தத் தீபத்துக்கு யார் எடுத்தார்கள் என்று போய்ப் பார்த்தேன். பளபளவென்று புது ஃப்ளெக்ஸ். நாலே வரி. தூரத்திலிருந்தே தெரிகிற பெரிய எழுத்து:

'இந்த இடம் விளம்பரத்துக்கு. அணுகவும்.'

கீழே ஏஜென்ட்டின் நம்பர். வேப்பங்கிளை மறைத்ததில் கடைசி மூன்று எண் தெரியவில்லை.