ஒரு காலண்டருக்கு ஏழெட்டுப் பட்டறை

ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கரையில் கட்டுச்சோறு பிரிப்பார்கள். சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரியில் வந்து போகிற செய்தி. காகித விலை ஏறியதால் காலண்டர் விலையும் ஏறும் என்று கூடவே ஒரு வரி இருக்கும். விலையேற்றத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று, மதுரையில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டேன். “எனக்கு அச்சடிச்சுக் கொடுக்கிற அண்ணாச்சி ஒருத்தர் இருக்கார், நேர்லயே போய்க் கேளுங்க. ஆனா தீபாவளி முடியட்டும்” என்றார்.

தீபாவளி கழிந்து சிவகாசி போனேன். அண்ணாச்சியிடம் இருப்பது ஒரே ஓர் ஆஃப்செட் மெஷின். ஜெர்மனி மேக், இரண்டாம் கையாக வாங்கியது. காலண்டர் போடுகிறவர் என்று சொல்லித்தான் நண்பர் அனுப்பியிருந்தார். அவரோ முதல் பேச்சிலேயே அதை மறுத்தார்: “நான் எங்க சார் காலண்டர் போடுறேன்? தாள்ல மை போடுறேன், அவ்வளவுதான்.”

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது அன்று சாயங்காலத்துக்குள் விளங்கிவிட்டது. முருகன் படத்துக்கு டிசைன் போடுகிறவர் ஒரு மாடி அறையில் இருக்கிறார். பிளேட் எடுப்பது அடுத்த தெருவில். அங்கே ஓர் இளைஞர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார், நான் தலையாட்டினேன், அதோடு விட்டுவிடுகிறேன். அச்சான தாள் டிரைசைக்கிளில் ஏறி லேமினேஷனுக்குப் போகிறது. அங்கிருந்து கட்டிங். மாதக் காலண்டர் என்றால் மேலே தகரப் பட்டை அடிக்க இன்னொரு இடம். தினசரிக் காலண்டர் என்றால் அட்டை ஒட்ட ஒருவர், ஓரத்தை வெட்டி எடுக்க ஒருவர், தங்க நிறத் தாள் பதிக்க ஒருவர், ராகு காலமும் எமகண்டமும் அச்சான தேதித் தாள்களைக் கட்டாகத் தைக்க ஒருவர். கடைசியில் படத்துக்குக் கீழே விட்டுவைத்த வெள்ளையில் ‘ஸ்ரீ முருகன் ஜவுளி ஸ்டோர்’ என்றோ ‘அம்மன் பாத்திரக் கடை’ என்றோ பெயர் அடிக்க ஒரு சின்ன அச்சகம். நம் வீட்டுச் சுவரில் ஓசியில் தொங்குகிற ஒரு காலண்டர், கிட்டத்தட்ட ஏழெட்டு முதலாளிகள் கை மாறி வருகிறது.

எல்லா மெஷினையும் ஒருவரே வாங்கிப் போடலாமே என்றேன். லேமினேஷன்காரர் சிரித்தார். அண்ணாச்சி ஒருவரின் தாளை மட்டும் நம்பினால் அவருடைய மெஷின் பாதி நாள் சும்மா கிடக்கும். தெருவில் உள்ள பத்துப் பேரின் தாள் வருவதால் ஓடுகிறது. அதே கணக்குத்தான் அண்ணாச்சிக்கும். கோடையில் பள்ளிக்கூட நோட்டு, அது முடிந்தால் தீபாவளி வரை பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், அப்புறம் பொங்கல் வரை காலண்டர். வேலை மாறிக்கொண்டே இருக்கும் ஊரில் எல்லா மெஷினும் வைத்திருப்பவருக்குத்தான் வட்டிச் சுமை அதிகம்.

ஊரின் கதையே இப்படித்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று 1923-இல் திரும்பிவந்து இங்கே தொடங்கினார்கள். மழை குறைந்த கரிசல் பூமி, காய்ந்த காற்று, மருந்து உலர ஏற்றது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். ஒரு தொழில் இன்னொன்றுக்கு வாடிக்கையாளராகி வளர்ந்த ஊர்.

தகரம் அடிக்கும் இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். இடுப்புயரத்தில் ஓர் இரும்பு மெஷின், கீழே மிதி. மடித்து வைத்த தகரப் பட்டையின் வாய்க்குள் தாள்களின் விளிம்பைச் செருகி, முழங்கையால் நேராக்கி, மிதித்தால் ‘டக்’. ஓட்டுகிற அக்காவின் இரண்டு விரல்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிய வளையங்கள். தகர விளிம்பு கீறாமல் இருக்க அவரே செய்துகொண்டவை. சின்ன வயதில் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டியிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு பட்டாசு ஆலை. “அங்க கூலி கூடத்தான். ஆனா காலையில போனா சாயந்திரம் வீட்டுக்கு வருவோமான்னு இருக்கும். தீபாவளி முடிஞ்சா ஆலையும் சில வாரம் மூடிருவாக. இங்க உசுருக்குப் பயமில்ல” என்றார், மிதியிலிருந்து காலை எடுக்காமலே. விரல் காயத்தைப் பற்றிக் கேட்டதற்கு, “அது கெடக்கு தம்பி” என்பதோடு சரி. அவருக்கு எண்ணிக்கைக் கூலி. ஒரு சீசனில் நாம் திருப்புகிற தேதிகளெல்லாம் அந்தக் கால்வழியாகத்தான் போகின்றன.

அண்ணாச்சியும் லேமினேஷன்காரரும் கட்டிங் மெஷின் வைத்திருக்கும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். புது டிசைன்களை அடித்து ஆல்பமாகக் கட்டி ஊர் ஊராக அனுப்புவது பெரிய செலவு. தனியாக யாருக்கும் கட்டுப்படியாகாது. மூவரும் ஒரே ஆல்பத்தை அடித்து, மேலட்டையை மட்டும் மாற்றி, அவரவர் பெயரில் விடுகிறார்கள். உள்ளே அதே லட்சுமி, அதே நீர்வீழ்ச்சி, அதே கைக்குழந்தை. ஒருவரிடம் அளவுக்கு மேல் ஆர்டர் வந்தால் மற்றவர் மெஷினுக்குத் தள்ளிவிடுவார்கள். போட்டி இல்லையா என்றால், “திருச்சி எனக்கு, சேலம் அவருக்கு, எல்லை வச்சிருக்கோம்” என்றார் கட்டிங்காரர்.

இத்தனை அழகாக வேலையைப் பங்கிடத் தெரிந்தவர்கள் பணம் என்று வந்தால் தனித்தனியாக நின்று அடி வாங்குகிறார்கள். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். காகிதக் கடைக்கு ரொக்கம் எண்ணிவைத்தால்தான் ரீம் வெளியே வரும். காலண்டர் வாங்குகிற கடைக்காரரோ ஏஜெண்டிடம் முன்பணம் கொடுத்துவிடுகிறார். நடுவில் நிற்கும் ஏஜெண்டு மட்டும் “பொங்கல் கழியட்டும்” என்பார். பொங்கல் கழிந்தால் மாசி. வெயிலில் ஆல்பம் சுமந்து அலைகிற சின்ன ஏஜெண்டை நான் சொல்லவில்லை. பிறர் பணத்தை மூன்று மாதம் கையில் வைத்துச் சுழற்றுகிற பெரிய கைகளைச் சொல்கிறேன். இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. அண்ணாச்சிக்கு இது தெரியும். “ஒருத்தன் மேல மனு போட்டா அடுத்த ஆடிக்கு அவன் என் ஆல்பத்தைத் தொடுவானா?” என்று கேட்டார்.

மூவரும் ஒரே குரலில் கேட்டால்? கேட்கலாம்தான், ஆனால் அதற்கு முன் காகிதத்தைச் சேர்ந்து வாங்கிப் பார்க்கப்போகிறார்களாம். லாரி லோடாக வாங்கினால் ரீமுக்கு விலை குறையும், கடையில் பேச்சுக்கும் ஒரு மதிப்பு வரும். ஈரம் ஏறாத கிட்டங்கி லேமினேஷன்காரரிடம் இருக்கிறது. ஜிஎஸ்டி பில் யார் பெயரில் வருவது என்பதில்தான் இழுபறி. பில் எவர் பெயரில் இருக்கிறதோ அவர்தான் காகிதக் கடைக்கும் வங்கிக்கும் பதில் சொல்ல வேண்டும். கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்துவிட்டால் தீர்ந்தது என்று நான் சொன்னேன். கட்டிங்காரருக்குச் சம்மதம். அண்ணாச்சிக்கு மட்டும், மகனிடம் கேட்க வேண்டுமாம். மகன் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறான், மெஷினையே விற்றுவிடச் சொல்கிறான்.