நியாய விலை

விலை என்பது விற்பவனும் வாங்குபவனும் இணங்கும் ஓர் எண் எனப் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டிற் கற்றேன். அவ்வரைவிலக்கணத்திற் குறையொன்றும் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை. 2023ஆம் ஆண்டு விடுமுறையில், ஊரில் ஒரு பழைய மொறிஸ் மைனர் காருக்கு விலை கூறும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோதே அதன் போதாமையை உணர்ந்தேன்.

கார் பக்கத்து வீட்டு ஆச்சியினுடையது. அவருடைய கணவர் அதனை நெடுங்காலம் சுன்னாகத்தில் வாடகைக்கு ஓட்டியவர். அவர் காலமானபின் ஏழாண்டுகளாக அது கொட்டிலிலேயே நின்றது. மாரிக்கு முன்னர் வீட்டுக் கூரையை மாற்றியாக வேண்டும் என்பதால் ஆச்சி அதனை விற்க முன்வந்தார். வாங்க முன்வந்தவர் என் தாய்மாமன். இருவரும் என்னையே நடுவனாக்கினர். “நீ படிச்ச பிள்ளை, தம்பி. நீ சொல்லுற விலையை நான் மறுக்கமாட்டன்” என்றார் ஆச்சி. அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையைவிட அச்சத்தையே தந்தது.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கக் கண்டு, அதனை நடுவே பிளந்து நான்கு அங்குலம் அகலமாக்கினார் என்பர். இயந்திர மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அப்பிளவின் அடையாளமாகும். 1956இல் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துடன் ‘மைனர் 1000’ வந்தது. ஆச்சியின் கார் அதற்கடுத்த ஆண்டில் வந்தது. அவ்வகையிலும் மிக எளிய அடிப்படை மாதிரி. உயர்ந்த மாதிரிக்குரிய தோல் ஆசனங்கள் இதில் இல்லை; பம்பரின் நிமிர்கொம்புகள் இல்லை; உள்ளே வெப்பமூட்டும் கருவியும் இல்லை. இக்கடைசிக் குறையை யாழ்ப்பாணத்து வெயிலில் எவரும் குறையெனக் கொள்ளார். கதவுத்தூணிலிருந்து வெளியே நீளும் சமிக்ஞைக் கைகள் இரண்டும் அப்படியே இருந்தன. 1961இல் மினுக்கும் விளக்குகள் வந்தபின் அக்கைகள் கைவிடப்பட்டன.

நானும் மாமாவும் ஊர் மெக்கானிக் ஒருவரும் ஒருநாட் காலை அதனைச் சோதித்தோம். இக்காருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடலே சட்டமாகவும் நின்று பாரத்தைத் தாங்குகிறது. ஆதலாற் கறள் இதற்கு வெறும் அழகுக்கேடு அன்று, உயிர்க்கேடு. கதவுகளின் கீழ்விளிம்பையும் பின்வில்லுகள் பொருந்துமிடத்தையும் காந்தம் கொண்டு தடவினோம். துளையைப் பசையால் அடைத்து மேலே வர்ணம் பூசியிருந்தால் அவ்விடத்திற் காந்தம் பற்றாது. இரண்டு இடங்களைத் தவிர எங்கும் பற்றியது. முன்சக்கரங்களைத் தாங்கும் கீழ்மூட்டு, கிறீஸ் காணாது தேய்ந்திருந்தது. அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் சரிந்துவிடும். கைப்பிடியை இட்டுச் சுழற்றியபோது இயந்திரம் இறுகாமற் சுழன்றது.

அதன்பின் மாமா கணக்கொன்றை எடுத்துரைத்தார். “மருமோன், முழுதாய்த் திருத்தினால் ஒன்பது இலட்சம் போகும். திருத்த ஆறரை முடியும். மிச்சம் இரண்டரை. அதுதானே நியாயம்?” மெக்கானிக்கும் தலையசைத்தார். எளிய மாதிரிக்கு இக்கணக்கு எப்போதுமே பாதகமானது. தகரத்துக்கும் வர்ணத்துக்கும் கூலிக்கும் உயர்ந்த மாதிரிக்கு ஆகும் அதே செலவு இதற்கும் ஆகும். திருத்தியபின் கிடைக்கும் விலையோ குறைவு. ஆதலால் எளிய மாதிரிகள் உதிரிப்பாகங்களுக்காகக் கழற்றப்பட்டன. அல்லது உயர்ந்த மாதிரியின் அணிகளைப் பூண்டு உருமாறின. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எஞ்சியவை அதனாலேயே அரிதாயின.

இரண்டரை இலட்சம் என்று ஆச்சியிடம் சொல்ல நான் எழுந்துவிட்டேன். வாசலைக் கடக்குமுன் ஒரு கேள்வி என்னைத் தடுத்தது. திரும்பிவந்து, “மாமா, நீங்கள் இதை முழுதாய்த் திருத்தத்தான் போறியளோ?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “விசரே? இப்படியே ஓடவிட்டாற்தான் மதிப்பு.” மூட்டு, பிறேக், ரயர், பட்டரி ஆகியவற்றுக்கு ஒன்றேகால் இலட்சம் போதும், பின்னர் கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடலாம், அல்லது கை படாத பழைய கார்களைத் தேடும் கொழும்பு ஆட்களுக்கு ஆறரைக்கு விற்கலாம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போது மீளத் தொடங்கியிருக்கவில்லை. 2025இலேயே அது தொடங்கிற்று. அதனாற் பழைய கார்களின் விலையும் ஏறியிருந்தது. இவை யாவும் மாமாவுக்குத் தெரியும், ஆச்சிக்குத் தெரியா.

கணக்கின் பிழை எண்களில் இருக்கவில்லை. செய்யப்போகாத ஒரு திருத்தத்தின் செலவு விற்பவரின் பங்கிலிருந்து கழிக்கப்பட்டிருந்தது என்பதே பிழை. வாங்குபவர் மெய்யாகச் செய்யப்போகும் செலவையும், அவருடைய உழைப்புக்கும் இழப்பச்சத்துக்கும் உரிய ஊதியத்தையுமே கழித்தல் தகும். அவ்வூதியத்துக்கு அரை இலட்சம் விட்டாலும் நாலேமுக்கால் வரும்.

அன்று மாலை எல்லாவற்றையும் ஆச்சியிடம் கூறினேன். மாமாவின் கணக்கையும், என் கணக்கையும், கறள் இருந்த இரண்டு இடங்களையும் மறையாது கூறினேன். ஆச்சி காரைப் பற்றி வேறொன்று சொன்னார். தொண்ணூறுகளிற் பெற்றோல் தடைப்பட்டபோது, சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, மண்ணெண்ணெயில் அதனை ஓட்டினார் அவர் கணவர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்த இரவில், நடக்கமாட்டாத முதியோர் நால்வரை ஏற்றிக்கொண்டு சனநெரிசலில் நாவற்குழிப் பாலம்வரை நடைவேகத்தில் ஊர்ந்தது அந்தக் கார். பின்னாசனத்தின் கிழிசல் அன்றைய மூட்டை முடிச்சுகளால் ஏற்பட்டது. இதைக் கேட்டதும் விலையை இன்னும் உயர்த்தவேண்டுமென என் மனம் துடித்தது. ஆச்சியே தடுத்தார்.

“அவர் ஓடின ஓட்டத்துக்கு நீ விலை போடாதை, தம்பி. காருக்கு மட்டும் போடு.”

நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளை வள்ளுவர் வாணிகருக்கு ஒதுக்கியதேன் என்பது அப்போது விளங்கிற்று. வழக்கு மன்றத்தில் மட்டுமன்றிச் சந்தையிலும் துலாக்கோல் இருக்கிறது. அது வாங்குபவர் பக்கம் சாய்வதைப் போலவே இரக்கத்தால் விற்பவர் பக்கமும் சாயக்கூடும். மாமாவின் இலாப ஆசை ஒரு தட்டில் நின்றதென்றால், என் நெகிழ்ச்சி மறுதட்டில் ஏற முயன்றது. இரண்டும் காரின் விலையன்று.

நாலேமுக்கால் என்றேன். மாமா மூன்று கிழமைகள் எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அம்மாவும் என்னுடன் சரியாகப் பேசவில்லை. உடன்பிறந்தவருக்கு எதிராகத் தன் பிள்ளையே சாட்சி சொல்லிவிட்டான் என்பது அவருடைய மனத்தாங்கல். அம்மாவின் அந்த மௌனத்தைத் தாங்குவது எளிதாக இருக்கவில்லை. நாலாம் கிழமை மாமா வந்து நாலரை தருவதாகச் சொன்னார். கறள் இருந்த இடங்களை நினைந்து ஆச்சி உடன்பட்டார். மழை தொடங்குமுன் கூரைக்கு ஓடு ஏறிற்று. கலியாணங்களில் அந்தக் கார் இன்றும் ஓடுகிறது. பின்னாசனத்தின் கிழிசல் மாற்றப்படவில்லை.

முதலாம் ஆண்டிற் கற்ற வரைவிலக்கணத்தை நான் முற்றாகத் தள்ளிவிடவில்லை. விற்பவனும் வாங்குபவனும் இணங்கும் எண்ணே விலை. அது நியாய விலையாவதற்கு ஒரு சொல்லை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: இருவரும் அறிந்து இணங்கும் எண்.