பீலிக்கரைக்குப் போன பேச்சு

அலுவிகாரைச் சாலையில் வாசனைத் திரவியத் தோட்டங்களைத் தாண்டும்போது கராம்பு வாசம் அடிக்கிறது, பயணிகளுக்காகப் போத்தலில் அடைத்த எண்ணெயின் வாசம், முன்பிருந்த காரம் இல்லை, ஆனாலும் அது போதும், ரத்தோட்டைப் பக்கத்து லயத்தின் இஸ்தோப்பு வந்துவிடுகிறது, மாலை வெயிலில் சாக்கில் பரப்பிய மொட்டுகளைப் புரட்டிக்கொண்டே ஒன்றை எடுத்து வெற்றிலையோடு அடக்கிக்கொள்ளும் தாத்தாவும் வந்துவிடுகிறார்.

1964 ஒக்டோபரில் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்குபோட்டது, மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஆளுக்கொரு நாட்டுக்கு எழுதிக் கொடுத்த காலம் அது. தாத்தாவின் அண்ணன்மார் இந்தியாவுக்கு எழுதினார்கள், தாத்தா சிலோனுக்கு எழுதினார், தங்கச்சியிடம் மட்டும் சொன்னார், “அண்ணன்மார் காதுக்குப் போயிறக் கூடாது தாயி.” மறுநாள் விடிந்து ஆட்கள் பிரட்டுக்குப் போகுமுன்பே பேச்சு பீலிக்கரைக்குப் போய்விட்டது, சவர்க்கார நுரைக்கும் தகர வாளிச் சத்தத்துக்கும் நடுவே லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது, அண்ணன்மார் வாசலில் வந்து நின்று ஏசினார்கள்.

தாத்தா தங்கச்சியை ஒரு சொல் கேட்கவில்லை. மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் ஐந்து தேரும் புறப்படுகிற அன்று வழக்கம்போல அவளுக்கு வளையல் வாங்கினார், அவள் மகள் சமைந்தபோது தாய்மாமன் சீர் குறையாமல் செய்தார், ஆனால் அவள் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தால் மழையும் மிளகு விலையும்தான் பேச்சு. பிறகு அவள் குடும்பமும் கிளம்பியது, கண்டியிலிருந்து வரும் பாதை முடிகிற மாத்தளை ஸ்டேஷனில், கராம்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கோச்சி ஜன்னலோரம் இருந்தவள், “அண்ணே, எம்மேல என்ன கோவம்?” என்று கேட்டாள், அவர் “மழை வருது, ஜன்னலைச் சாத்தும்மா” என்றார். தமிழ்நாட்டிலிருந்து அவள் போட்ட கடிதங்களிலும் அந்தக் கேள்வி இருந்தது, தாத்தா அவற்றுக்குப் பதில் எழுதினார், அந்தக் கேள்விக்கு மட்டும் எழுதவில்லை.

என் மகளின் வீட்டுச் சங்கடத்தைச் சித்தி மகளிடம் மட்டும் சொன்னேன், அது உறவுக்காரர்களின் வட்ஸ்அப் குழுவுக்குப் போனது, பீலிக்கரையில் ஏசவாவது ஆள் நேரில் வந்தார்கள், இங்கே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. மகள், “ப்ளொக் பண்ணுங்கம்மா” என்கிறாள். சிலநாள் எனக்கும் அதுவே சரியென்று பட்டது, இப்போது இல்லை. தாத்தாவின் சீரும் வளையலும் பெரிய மனசுதான், ஆனால் என்ன செய்தாள் என்று சொல்லாமலே ஒருத்தியைக் கடல் தாண்ட விட்டது நியாயமில்லை. வருகிற மாசி மகத்துக்குச் சித்தி மகள் வீட்டில் சாப்பாடு, போவேன், “நீ சொன்னது என் பிள்ளையைச் சுட்டுப்போட்டது, இனி அவளைப் பற்றி உன்னிடம் பேசமாட்டேன்” என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இலை போடக் கூடமாட உதவுவேன்.