காட்டின் ஓரத்தில் ஒரு வேலி



இன்னும் இரண்டு வாரங்களில் நம் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. கரும்பும் மஞ்சளும் வாழைத்தாரும் ஆலயத்துக்கு வந்து சேரும். அதற்கான ஆயத்தத்தைப் பற்றிப் பேசக் கூடியிருந்தபோது, நம் சபையின் சகோதரி ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். தாளவாடிப் பக்கத்தில் ஒரு வாழைத்தோட்டம். இரவில் புகுந்த யானைகள் மரங்களை முறித்துப் போட்டிருந்தன. தோட்டக்காரர் வரப்பில் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். “ஐயா, இதற்கு எப்படி ஜெபிப்பது? அந்த மனிதருக்காகவா, யானைகளுக்காகவா?” என்று சகோதரி கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒருகாலத்தில் இதே கேள்விக்குப் பிரசங்க பீடத்திலிருந்து மிக எளிதாகப் பதில் சொன்னவன் நான். அந்தப் பதிலால் ஒரு மனிதனின் உயிர் போயிருக்கும். அதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. இந்த வாரத் தியானமாக அதையே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதியில் ஊழியம் செய்தேன். ஒருபுறம் முதுமலைக் காடு, மறுபுறம் வயநாடு, மலைக்குக் கீழே நிலம்பூர். இவற்றுக்கு நடுவில் வயல்களும் தேயிலையும் காப்பியும் வீடுகளும் கலந்து கிடக்கும் பூமி அது. மாநில எல்லைகளை நாம் வரைவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே யானைகள் அவ்வழியே போய்வருகின்றன.

அங்கே ஒரு துண்டு நிலம் யாருடையது என்று கேட்டால், ஒரே பதில் கிடைக்காது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் அந்த மண்ணின் ஆதிக்குடிகள். நிலத்தின் ஜென்ம உரிமையோ நிலம்பூர்க் கோவிலகத்திடம் இருந்தது. கோவிலகத்திடம் குத்தகை பெற்றுத் தோட்டக் கம்பெனிகள் பயிரிட்டன. நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி, உணவுத் தட்டுப்பாட்டினால் விளைச்சலைப் பெருக்கும்படி அரசு ஊக்குவித்தது. அப்போது கேரளத்திலிருந்து சிறு விவசாயிகள் வந்து குடியேறினார்கள். பின்பு 1969-ல் ஜென்ம முறையை ஒழிக்கத் தமிழக அரசு சட்டம் இயற்றியது; 1974-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 80,000 ஏக்கர் அதன் கீழ் வந்தது. எது காடு, எது தோட்டம், யாருக்குப் பட்டா என்பதில் எழுந்த வழக்குகள் பல பத்தாண்டுகள் நீடித்தன. ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்று அவ்வூர்ச் சிறுபிள்ளையும் சொல்லும். குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய அந்தச் சட்டப் பிரிவுக்குள் அகப்பட்ட நிலங்களில் வீடு கட்டிக் குடியிருந்தும், பட்டாவோ மின்இணைப்போ கிடைக்காமல் வாழ்ந்த குடும்பங்கள் பல.

இவர்களோடு சேர்ந்தவர்கள் தாயகம் திரும்பியவர்கள். அவர்களுடைய முன்னோர் 19-ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கைக்குப் போய், மலைக்காடுகளை அழித்துக் காப்பித் தோட்டங்களையும், பின்பு தேயிலைத் தோட்டங்களையும் உண்டாக்கியவர்கள். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள இசைந்தது. அப்படித் திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் வனத்துறை நிலங்களில் அரசே தேயிலை பயிரிட்டது. அதுதான் டான்டீ. இலங்கையில் தாத்தா காட்டை வெட்டினார். இங்கே பேரன் வெட்டினான். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின், 2022-ல், அத்தோட்டங்களில் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்க முடிவாயிற்று. தேயிலைச் செடிகளுக்கிடையே பிறந்து வளர்ந்தவர்களிடம், ‘இது மறுபடியும் காடாகப் போகிறது’ என்று சொல்லப்பட்டது. அவர்கள் நெஞ்சு எப்படிக் கலங்கியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

என் சபையில் அப்படிப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் இருந்தார். தாயார் தேயிலை பறித்து ஓய்வுபெற்றவர். மகன் காட்டோரத்தில் பட்டா இல்லாத ஒரு ஏக்கரில் நேந்திரன் வாழை வைத்திருந்தார். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தார் முற்றும் வேளையில் யானை வந்தது. பட்டா இல்லாததால் வங்கிக் கடன் இல்லை. இழப்பீட்டு மனுவும் தடைப்பட்டது. வட்டிக்கு வாங்கிய பணத்தின் கணக்கை என்னிடம் காட்டி ஒருநாள் அழுதார். அதே சபையில் காட்டுநாயக்கர் குலத்து இளைஞர் ஒருவரும் இருந்தார். வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலராகத் தற்காலிகப் பணி. இரவில் கையில் டார்ச்சோடு காட்டோரம் நடப்பதே அவர் வேலை. ஊரார் யானைமேல் கொண்ட கோபமெல்லாம் இவர்மேல் விழும். ஆலயத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகையில் நான் யோசுவா 17-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தேன். யோசேப்பின் புத்திரர் தங்களுக்குக் கிடைத்த பங்கு போதாது என்று முறையிடுகிறார்கள். மலைக்காட்டுக்குப் போய் அதை வெட்டித் திருத்திக்கொள்ளும்படி யோசுவா சொல்லுகிறான். என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் அநேகர் நிலமில்லாதவர்கள். அவர்களைத் திடப்படுத்த விரும்பினேன். காடு உழைக்கிறவனுக்கே உரியது என்று உரத்த குரலில் சொன்னேன். பலர் ஆமென் என்றார்கள். அந்த ஆமென் எனக்கு இனித்தது.

பத்து நாள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், காவலர் தம்பி என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து உட்காரவும் இல்லை.

“ஐயா, அண்ணன் கொக்கி போட்டு வேலியில கரண்ட் விட்டிருக்காரு. ரேஞ்சர் ஐயாகிட்ட சொன்னா அவரு ஜெயிலுக்குப் போயிருவாரு. சொல்லாம இருந்தா, ராத்திரி ரோந்துக்கு நான் அந்த வழியாத்தான் நடக்கணும்.”

மேலதிகாரியிடம் போகாமல், முதலில் போதகரிடம் வந்திருந்தார். இருவரும் டார்ச் வெளிச்சத்தில் நடந்தோம். சகோதரர் முதலில் மறுத்தார். பிறகு வேலியைப் பார்த்தபடியே, “காடு நமக்குத்தான்னு நீங்கதானே ஐயா பிரசங்கம் பண்ணீங்க?” என்றார்.

நான் வாயடைத்து நின்றேன். காவலர் தம்பி மெதுவாகச் சொன்னார்: “ஐயா, அந்த வசனத்துலேயே காட்டுல ஏற்கெனவே ஆளுங்க இருந்தாங்கன்னு வருதே. எங்க ஆளுங்க மாதிரி.”

அப்பொழுது வீட்டுக்குள்ளிருந்து தாயார் வந்தார். நடந்ததை ஒரு நொடியில் புரிந்துகொண்டார். “சிலோன்ல எங்க தாத்தா காட்டை வெட்டினாரு. இங்க நான் வெட்டினேன். ரெண்டு எடத்துலயும் ஒரு சென்ட் நம்ம பேருல எழுதி வரல. அதுக்காக இந்தப் புள்ள சாகணுமா?” என்று மகனைப் பார்த்துக் கேட்டார். மகன் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு போய்க் கொக்கியைத் தட்டிவிட்டார். கம்பியைச் சுருட்டும்போது அவர் கைகள் நடுங்கின. காவலர் தம்பி மறுமுனையைப் பிடித்துச் சுருட்டிக் கொடுத்தார்.

அன்றிரவு நான் வீடு திரும்பி அந்த அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். பெரிசியரும் ரெப்பாயீமியரும் குடியிருந்த இடம் அது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. இறையியல் கல்லூரியில் எபிரேயம் கற்றவன் நான். எத்தனையோ முறை வாசித்த வசனம். காட்டில் பிறந்த ஒருவர் முதல் வாசிப்பிலேயே கண்டதை நான் காணாமற்போனேன். என் சபையாரின் பசியை மட்டும் பார்த்துக்கொண்டு வாசித்தேன்; அதே சபையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் பசி என் கண்ணில் படவில்லை.

பிரியமானவர்களே, நம்மில் சிலர் காட்டைக் காப்பவர்களை மனிதநேயமற்றவர்கள் என்கிறோம். சிலர் காட்டோர விவசாயிகளை ஆக்கிரமிப்பாளர்கள் என்கிறோம். இரண்டும் முழு உண்மையன்று. காடு வளர்த்தல் என்ற பெயரிலும் மனிதர் விரட்டப்பட்டதுண்டு. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மக்களின் நெடுநாள் வழக்கங்களைச் சர்க்கார் அனுமதிக்கு உட்படுத்தியது. மேல்நீலகிரியில் தோதவர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன. பச்சையாய் இருந்தால் அது காடு என்று எண்ணினார்கள். புல்வெளி அழிந்தது, எருமைகளின் மேய்ச்சலும் குறைந்தது. இன்று அதே அந்நிய மரங்களை அகற்றப் பாடுபடுகிறார்கள். காட்டில் வாழ்வோருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பதை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் முன்னுரையே ஒப்புக்கொள்கிறது. ஏரும் மரமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒவ்வொரு முறையும் தூரத்தில் இருந்தவர்கள் வரைபடத்தில் கோடு கிழித்தார்கள். அந்தக் கோட்டின்மேல் வாழ்ந்தவர்கள் ஒருவரோடொருவர் பகைத்துக்கொண்டார்கள்.

லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் நிலத்தைப் பற்றிப் பேசும்போது, அது தம்முடையது என்கிறார். ஜனங்களைத் தம்மிடத்தில் தங்கியிருக்கும் பரதேசிகள் என்கிறார். இதை நான் பல ஆண்டுகள் அழகான கருத்தாகப் போதித்தேன். கூடலூரில்தான் அதன் பாரம் புரிந்தது. ஆண்டவருக்கு முன்பாக யாரிடமும் பட்டா இல்லை. கோவிலகம், கம்பெனி, வனத்துறை, குடியேறியவர், தாயகம் திரும்பியவர், அந்த ஆலயம், யாவரும் குத்தகைக்காரர்களே. குத்தகைக்காரனுக்கு இரண்டு கடமைகள் உண்டு. பெற்ற நிலத்தைக் கெடுக்காமல் ஒப்படைக்க வேண்டும். அதே எஜமானிடத்தில் பக்கத்து நிலத்தைப் பெற்றிருப்பவனை விரட்டாமல் இருக்க வேண்டும். வாய் பேச முடியாத குத்தகைக்காரர்களும் உண்டு என்பதை யானைகள் நமக்கு நினைப்பூட்டுகின்றன.

அதற்குப் பின் எல்லாம் சீராகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். இழப்பீட்டு மனுவை மறுபடியும் எழுதினோம். அந்த இளைஞரே வனச்சரக அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றார். பல மாதங்கள் கழித்து வந்த தொகை உரச் செலவுக்கும் போதவில்லை. யானைக்கூட்டம் காட்டைவிட்டு இறங்கும் இரவுகளில் அவர் தொலைபேசியில் சொல்லுவார். சகோதரரும் அண்டை வீட்டாரும் தீப்பந்தத்தோடு விழித்திருப்பார்கள். மறு ஆண்டு பாதி வாழை தப்பியது, பாதி போயிற்று. நிலத்துக்குப் பட்டா வரவில்லை. இளைஞரின் வேலையும் நிரந்தரமாகவில்லை. ஆனால் அடுத்த அறுப்பின் பண்டிகையில் தப்பிய தார்களில் ஒன்றை ஆலயத்துக்கு இருவரும் சேர்ந்து தூக்கி வந்தார்கள். அதை ஏலத்தில் எடுத்தவர் அந்தத் தாயார். விலை எவ்வளவு என்று எனக்கு நினைவில்லை. அன்று நான் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டது நினைவிருக்கிறது.

இப்பொழுது நம்மைக் குறித்து ஒரு வார்த்தை. நாம் சமவெளியில் இருக்கிறோம். இது மலையோரத்தாரின் சிக்கல் என்று எண்ணத் தோன்றும். நம் கரும்புக்கும் மஞ்சளுக்கும் பாயும் நீர் கீழ்பவானி வாய்க்காலில் வருகிறது. வாய்க்காலுக்கு பவானிசாகர் அணையிலிருந்து வருகிறது. அந்த அணைக்கு நீர் தரும் ஆறுகளில் ஒன்று முதுமலைக் காட்டின் வழியே ஓடிவரும் மாயாறு. அந்தக் காடு நிற்பதனால் நம் வயல் விளைகிறது. அந்தக் காடு நிற்பதற்காக வேறொருவர் தம் வாழையை இழக்கிறார், இன்னொருவர் இரவில் நடக்கிறார். அவர்கள் இருவரின் பங்கும் சேர்ந்தே நம் படையலில் இருக்கிறது.

ஆகையால் அந்தச் சகோதரியின் கேள்விக்கு என் பதில் இது. தோட்டக்காரருக்காக ஜெபியுங்கள்; அவருக்கு உரிய இழப்பீடு காலத்தில் கிடைக்க வேண்டும். யானைகளுக்காக ஜெபியுங்கள், அவற்றின் வழிகள் அடைபடாதிருக்க வேண்டும். இரவில் ரோந்து போகிறவர் காலையில் வீடு திரும்ப ஜெபியுங்கள். இவ்வாண்டு ஏலத்தில் சேரும் காணிக்கையில் ஒரு பகுதியைத் தாளவாடிப் பக்கத்தில் பயிரிழந்த குடும்பங்களுக்கும், அங்குள்ள காவலர்களுக்கு மழைச்சட்டையும் நல்ல டார்ச்சும் வாங்குவதற்கும் கொடுக்கலாம் என்று சபைக் கமிட்டியில் கேட்கப்போகிறேன். உங்கள் எண்ணத்தை வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சொல்லுங்கள்.

நிலத்தின் எஜமானாகிய ஆண்டவர், நம்மோடு குத்தகைக்கு இருக்கிற யாவரையும் காணத்தக்க கண்களை நமக்குத் தருவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்